துறையைத் திருத்திய ஸ்பிரிங் துரை

ஆழ்கடலில் அஞ்சாது வரும் பெருங்கப்பல் கரை கண்டபின்னரே அஞ்சுதற்குரியது. கடலிலே தவறு நேரினும் திருத்திக்கொள்ள இடமுண்டு, துறைவாயிலிலோ இடமில்லை. விரைவு குறைந்தால் சுக்கானுக்குக் கப்பல் அடங்காது. மிகுந்தால் உள்ளே நிறுத்த வழியில்லை. இவ்விடுக்கணைச் சென்னையில் பெரிதும் குறைத்தவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் என்பார். அவர் வரலாற்றைச் சுருங்க நோக்குவாம்.

1849-இல் பிறந்த இவர் அயர்லாந்து நாட்டினர். டப்ளின் டிரினிடி கல்லூரியிற் கற்று, 1870-இல் இந்திய அரசாங்கப் பொறியியற் பணியில் அமர்ந்தார். இருப்புப்பாதை அமைப்பதிற் பல்லாண்டு உழைத்தார். பாலங்களின் அருகே ஆறுகள் போக்கு மாறாவண்ணம் கரைகட்டி நடத்தும் முறைபற்றி 1903-இல் ஒரு நூலும் இயற்றினார். ஆற்றை அடக்கக் கற்றவர்க்குக் கடலை எதிர்க்கும் பணி 1904-இல் வந்தது. அவ்வாண்டிற் சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைவரானார்.

அத்துறைமுகத்தின் சுவர்கள் 1881-ஆம் ஆண்டுப் புயலிற் சிதைந்து, மீண்டும் கட்டப்பெற்றவை. வாயிலோ கிழக்கு நோக்கியிருந்தது. அலைகள் நேரே உட்புகுந்து, கட்டியிருந்த கப்பல்களையும் நிலைகொள்ளாது அலைத்தன. அன்றியும், கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் மணல் தென்சுவரில் தடைப்பட்டுக் குவிந்தது. அது வளர்ந்து வாயிலைத் தூர்க்கும் என்னும் அச்சமும் இருந்தது.

ஸ்பிரிங் துரையார் காலத்தில் அவ்வாயில் மூடப்பெற்று, வடகிழக்கு மூலையிற் புதுவாயில் திறக்கப்பெற்றது. கீழைச்சுவர் வடக்கே நீண்டு அதற்கு அரணாயிற்று. அதன் மறைவில், குறுக்கலையின் தாக்குதல் தணியக் கப்பல் மெல்லத் திரும்பி உட்புகலாயிற்று. கப்பலை அணைத்துச் சரக்கிறக்கும் மேடைகளும், கிடங்குகளும், இருப்புப்பாதைகளும் எழுந்தன.

எனினும், மணல் முற்றும் அடங்கவில்லை. துறைமுகம் எழுந்த நாள்தொட்டு அது தெற்கே தங்கி மெரினாவை அகலச்செய்தது. மணல் பெறாத வடகரையைக் கடல் அரித்தது. கப்பலுக்கு விளைந்த நன்மை கரைவாழ் மீனவர்க்குத் துன்பமானதை நாம் மறைத்தல் முறையன்று.

1912-இல் அவ்வலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்த கணித மேதை இராமானுஜனுக்கு ஆராய்ச்சி உதவி கிடைக்க முயன்றோருள் இவரும் ஒருவர். 1919-இல் ஓய்வு பெற்று, 1933-இல் காலமானார். தம் மேசைக்கு வந்த கணக்குத்தாளிலே பிறரறியாத அறிவு இருப்பதை மதித்த இப்பெருந்தகையை, கப்பலுக்கு மட்டுமன்றிக் கல்விக்கும் வாயில் திறந்தவராக நாம் நினைவுகூர்தல் தகும்.