சம்பாவின் எழுத்தும் கல்லிடைக்குறிச்சிக்காரரும்

வியட்நாமில் மீ சோன் என்கிற இடத்தில் செங்கல் கோயில்கள் இடிந்து கிடக்கின்றன. நாலாம் நூற்றாண்டுவாக்கில் பத்ரவர்மன் என்ற சாம் அரசன் அங்கே பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனை வைத்து வழிபட்டான். அவன் நாட்டுக்குப் பெயர் சம்பா. அந்தக் கோயில் படங்கள் நம்ம போன்களில் சுற்றும்போது, தமிழன் கட்டியது என்று கீழே யாராவது போட்டிருப்பார்கள். அங்கே நம்ம பங்கு என்ன என்ற கேள்வியைச் சத்தம் போடாமல், சான்று வைத்துக் கேட்ட ஒருவர் இருந்தார். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி.

1892-ல் திருநெல்வேலிப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில், வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர். நெல்லை இந்துக் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். நெல்லையிலேயே ஆசிரியராகி, பிறகு காசி, சிதம்பரம், திருச்சி என்று சுற்றி, 1929-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். சோழர் வரலாற்றின் முதல் பாகம் 1935-ல் வந்தது. நம்மில் பலருக்கு அவரைத் தெரிவது அந்த நூலால்தான்.

அதே 1935-ல் அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு அதைவிடப் பிடிக்கும். நியா திராங் அருகே வோ கான் என்ற ஊரில் மிகப் பழைய சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருந்தது. அதன் எழுத்து வட இந்தியாவிலிருந்து போனது என்று வங்காள வரலாற்றாசிரியர் ஆர். சி. மஜும்தார் வாதிட்டார். அவர் சாதாரண ஆள் இல்லை. சம்பாவைப் பற்றித் தனி நூலே எழுதியவர். சாஸ்திரி அதை மறுத்து, சம்பாவின் எழுத்துக்குத் தென்னிந்தியாவே மூலம் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஹனோயில் இருந்த பிரெஞ்சு ஆய்வு நிலையத்தின் இதழில் அது பிரெஞ்சு மொழியில் வந்தது. எழுத்தின் தலை, வால், வளைவு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் செய்கிற வேலை இது. எங்க லேபில் முறிந்த இரும்புத் துண்டின் முகத்தைப் பார்த்தே அது எப்படி முறிந்தது என்று சொல்வாங்க, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

எழுத்து தெற்கிலிருந்து போனது என்றால் கோயிலையும் நாம்தான் கட்டினோம் என்று ஆகிவிடாது. கட்டியவர்கள் சாம் மக்கள். அவர்கள் மொழி மலாய்க்குச் சொந்தக்கார மொழி. நம்ம பக்கத்து வீட்டுப் பேச்சோடு உறவுள்ளது என்றே சொல்லலாம். அந்தக் கால ஆய்வாளர்கள் பலர் இதையெல்லாம் இந்தியக் குடியேற்றம் என்றே பேசினார்கள். சாஸ்திரியிடமும் அந்த வாடை உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. பழந்தமிழ் இலக்கியத்துக்கு வையாபுரிப் பிள்ளையை நம்பியிருந்தார் என்ற குறையும் அவர்மேல் உண்டு. தெரிந்தவரைக் கேட்டுக்கொள்வது என் கண்ணுக்குக் குறையாகத் தெரியவில்லை.

மலாயாவை அவர் மறக்கவில்லை. ஸ்ரீவிஜயம் பற்றிய அவர் நூல் 1949-ல் வந்தது. ராஜேந்திர சோழன் 1025-ல் படையெடுத்த கடாரம் நம்ம கெடாதான் என்பது அவர் முடிவு. தென் தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டைப் பற்றி அதே ஆண்டு எழுதியதை இங்கே மலாயாவில் வெளிவந்த ஆய்விதழுக்கே கொடுத்தார். ஒரு குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவையும் சொல்கிற, சிதைந்த சில வரிகள்தான் அது. அதற்கு ஒரு முழுக் கட்டுரை!

நெகிரி செம்பிலானில் என் பாட்டி பால் வெட்டிய தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. அங்கிருந்த மாரியம்மன் கோயிலின் வாசல் கல்லில் வருஷமும் உபயம் கொடுத்தவர்கள் பெயரும் இருந்ததாம். எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்றாங்க. கல் போய்விட்டது, யாரும் எழுதி வைக்கவில்லை.

1957-ல் சாஸ்திரிக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. அதே ஆண்டு, தென்கிழக்காசிய மரபுப் பண்பாடுகளை ஆராய சென்னையில் தொடங்கிய நிலையத்தின் பொறுப்பை ஏற்று, எண்பது வயதுவரை அதை நடத்தினார். 1969-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மீ சோனின் மிகப் பெரிய கோபுரம் சரிந்தபோது அவருக்கு 77 வயது. 1975 ஜூனில் மறைந்தார். அந்தக் கோபுரம் எப்படி இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்மான்தியே என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் அதை அளந்து வரைந்து வைத்ததால்தான்.