புகையைப் பிடித்து வேலை வாங்கியவர்

சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது தட்டிக் கழிக்கத்தான் பார்த்தேன். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி என்னைவிட நன்றாக எழுத நம்மிடையே நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது டீசல் இன்ஜின் ஒன்றுதான். அதனால் என் பிழைப்புக்கே காரணமான ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ஆல்ஃபிரட் பியூக்கி. டர்போசார்ஜருக்கு மூலவர். இரண்டு மார்க் கேள்விக்குக்கூட நாம் யாரும் அவரைப் படித்திருக்க மாட்டோம்.

எனக்கு அவர் அறிமுகமானது ஒரு தோல்வியில். வேலையில் சேர்ந்து நாலாவது வருஷம், ஆறு சிலிண்டர் டர்போ டீசல் ஒன்றுக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வரையும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை டர்பைனுக்குக் கொண்டு சேர்க்கும் வார்ப்பிரும்புக் குழாய்தான் அது. இதில் என்ன பெரிய வித்தை இருக்கு என்று, ஆறு சிலிண்டரையும் ஒரே அகலமான குழாயில் சேர்த்து வரைந்து கொடுத்துவிட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. டெஸ்ட் பெட்டில் ஏற்றினால், குறைந்த வேகத்தில் டர்போ எழுந்திருக்கவே இல்லை. லோடு கொடுத்தால் கரும்புகை. பேட்டர்ன் செலவு, வார்ப்புச் செலவு எல்லாம் வீண். கூடப் படித்தவர்களைப் போல நாமும் சாஃப்ட்வேர் பக்கம் போயிருக்கலாமோ என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

எங்கள் பிரிவில் ஓய்வு பெறும் வயதில் ஒரு சார் இருந்தார். அவர் திட்டவில்லை. டிராயிங்கைப் பார்த்துவிட்டு, பியூக்கிக்கே இந்த விஷயம் பிடிபட இருபது வருஷம் ஆச்சு, போய் அவரைப் படி என்று மட்டும் சொன்னார். படித்தேன்.

பியூக்கி 1879 ஜூலை 11-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் பிறந்தார். சுல்சர் என்ற பெரிய இயந்திரக் கம்பெனி இருந்த ஊர் அது. அப்பா அந்தக் கம்பெனியிலேயே உயர்ந்த பதவியில் இருந்தவர். ஆகவே பையன் இயந்திரச் சத்தத்திலேயே வளர்ந்தான் எனலாம். 1899-ல் சூரிச் பாலிடெக்னிக்கில் சேர்ந்து 1903-ல் இன்ஜினியராக வெளியே வந்தார். நம்ம ஊர் டிப்ளமோ பாலிடெக்னிக் என்று நினைத்துவிடாதீர்கள். 1900-ல் ஐன்ஸ்டைன் படித்து முடித்து வெளியேறிய அதே இடம். பிறகு பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் சில வருஷங்கள் வேலை பார்த்தார்.

இன்ஜினில் எரிக்கும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. நாம் இதை ஹீட் பேலன்ஸ் கணக்காகப் போட்டு மார்க் வாங்கிக்கொண்டு மறந்துவிட்டோம். அவரால் மறக்க முடியவில்லை. அந்தப் புகையை வைத்து ஒரு டர்பைனைச் சுற்றினால் என்ன? அதே தண்டில் ஒரு கம்ப்ரஸரை மாட்டி, சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணித்தால் என்ன? காற்று கூடினால் கூடுதல் எண்ணெய் எரிக்கலாம்; அதே இன்ஜினில் கூடுதல் சக்தி கிடைக்கும். இந்த எண்ணத்துக்கு 1905 நவம்பர் 16 தேதியிட்டு ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 26.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் எழுத ஒன்றுமில்லை. ஆனால் காகிதத்தில் ஓடியது இரும்பில் ஓடவில்லை. ஊருக்குத் திரும்பி சுல்சரில் சேர்ந்து 1911-லிருந்து சோதனைகள் நடத்தினார். 1915 வாக்கில் டர்போவோடு ஒரு டீசல் இன்ஜினையும் ஓட்டிப் பார்த்தார். எதிர்பார்த்த பலன் இல்லை. அந்தக் காலத்துக் கம்ப்ரஸர்களும் டர்பைன்களும் பாதி சக்தியைத் தாங்களே விழுங்கிவிடும் ரகம். சிலிண்டருக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தைவிட வெளியே போகும் பாதையின் அழுத்தம் கூடிவிட்டால், புகை சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடும். அப்புறம் டர்போ இருந்து என்ன பயன்?

விடை 1925-ல் கிடைத்தது. அது புதிய டர்பைனில் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த குழாயில் இருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நொடியில் சிலிண்டரில் இன்னும் நல்ல அழுத்தம் இருக்கிறது. புகை ஒரே சீராக வருவதில்லை. துடிப்புத் துடிப்பாகத் தெறித்து வருகிறது. ஒரு குடம் தண்ணீரைக் குறுகலான வாய்க்காலில் கொட்டினால் அலையாக ஓடும்; ஏரியில் கொட்டினால் காணாமல் போகும். அகலமான பொதுக்குழாய் என்பது ஏரி. பியூக்கி வாய்க்கால் வெட்டினார். ஒன்றின் துடிப்பு இன்னொன்றின் மேல் மோதாத சிலிண்டர்களை மட்டும் ஒரு சிறு குழாயில் சேர்த்தார். ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாக டர்பைன் வாசல் வரை கொண்டுபோனார். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் குழாயில் அழுத்தம் இறங்குகிறது. அந்த நேரம் பார்த்து உள்வால்வையும் வெளிவால்வையும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்து வைத்தால், புதுக்காற்று பழைய புகையைக் கழுவித் தள்ளிவிடும். வால்வும் பிஸ்டனும் குளிரும்.

அதன் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. 1926-ல் பிரௌன் பொவேரி கம்பெனியையும் விண்டர்தூரின் ரயில் இன்ஜின் தொழிற்சாலையையும் சேர்த்துக்கொண்டு பியூக்கி சிண்டிகேட் என்ற கூட்டமைப்பை உருவாக்கினார். அதே காலத்தில் பால்டிக் கடலில் ஓடுவதற்காகக் கட்டப்பட்ட ப்ராய்சன், ஹன்ஸஸ்டாட் டான்சிக் என்ற இரண்டு பயணிகள் கப்பல்களில் டர்போ ஏறியது. 1,750 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜின் 2,500 கொடுத்தது. 1938-ல் சுவிஸ் நாட்டு சௌரர் கம்பெனியின் லாரி இன்ஜினுக்கும் டர்போ வந்தது. சிண்டிகேட் 1941 வரை இயங்கியது. பியூக்கி 1959 அக்டோபர் 27-ல், பிறந்த ஊரான விண்டர்தூரிலேயே, எண்பதாவது வயதில் காலமானார்.

இதைப் படித்துவிட்டு என் டிராயிங்கை மறுபடி எடுத்தேன். எங்கள் இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. 720 டிகிரியை ஆறால் வகுத்தால் 120. அதாவது 120 டிகிரிக்கு ஒரு துடிப்பு. வால்வோ அதைவிட இரண்டு மடங்கு நேரம் திறந்திருக்கும். ஆறையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒன்று மூச்சு விடும்போது இன்னொன்று அதன் முகத்தில் ஊதும். 1, 2, 3 ஒரு குழாய், 4, 5, 6 ஒரு குழாய் என்று பிரித்தால் இடைவெளி 240 டிகிரி ஆகிவிடும். அப்படியே பிரித்தேன், குழாயின் அளவைக் குறைத்தேன், டர்பைன் வீட்டிலும் இரண்டு வாசல் வைத்தோம். இந்த முறை இன்ஜின் கீழ் வேகத்திலேயே மூச்சுப் பிடித்தது. கரும்புகை அடங்கியது. சார் என் தோளைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். ராஜினாமாக் கடிதம் எழுதும் எண்ணம் அன்றோடு போயிற்று.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். டர்போக்களின் திறன் நன்றாக உயர்ந்த பிறகு, பெரிய கப்பல் இன்ஜின்களில் பழையபடி ஒரே அகலமான புகைக்கலத்துக்கே திரும்பிவிட்டார்கள். அழுத்தம் உயர உயர, துடிப்பினால் கிடைக்கும் லாபம் குறைகிறது; சீராக வரும் புகையில் டர்பைனும் நன்றாக வேலை செய்கிறது. அடிக்கடி வேகம் மாறும் லாரியிலும் பஸ்ஸிலும் பியூக்கியின் பிரிந்த குழாய் இன்றும் இருக்கிறது. நான் முதலில் வரைந்த அகலக் குழாய் கெட்ட குழாய் இல்லை. தப்பான இன்ஜினில் இருந்தது, அவ்வளவுதான்.

26 வயதில் வந்த யோசனை பலிக்க அவருக்கு 46 வயது ஆயிற்று. இப்போது கல்லூரியில் இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. முதல் வார்ப்பு உடைந்தால் வேலையை விட்டுவிடாதீர்கள். டிராயிங்கைக் கையில் எடுத்துக்கொண்டு அனுபவசாலி யாரிடமாவது போய்க் கேளுங்கள். சந்திப்பு நாளன்று நானும் நம்ம மெக்கானிக்கல் பிளாக் வாசலில்தான் நிற்பேன், வந்து பேசுங்கள்.