நட்டுக்கும் போல்ட்டுக்கும் சட்டம் போட்டவர்!

சைக்கிளில் ஒரு நட் கழன்று விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? கடைக்குப் போய், அதே அளவில் வேறொன்று வாங்கி மாட்டி விடுவீர்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இது நடக்காத காரியம்! இந்த வசதிக்கு வழி வகுத்தவர், இங்கிலாந்து நாட்டுப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த்.

இவர் 1803, டிசம்பர் 21ல், ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். 14 வயதில், உறவினர் ஒருவரின் நூற்பாலையில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார் ஜோசப். பஞ்சு, நூல் வியாபாரத்தை விட, ஆலையில் ஓடிய இயந்திரங்களே அவரைக் கவர்ந்தன. 18 வயதில், சொல்லாமல் கொள்ளாமல் மான்செஸ்டர் நகருக்குப் போய், இயந்திரப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து விட்டார்.

1825ல் லண்டன் சென்று, புகழ்பெற்ற ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் சேர்ந்தார். எந்த வேலையிலும் துல்லியம் வேண்டும் என்பதில் கண்டிப்பானவர் மாட்ஸ்லே. தன் பட்டறையில் செய்யும் போல்ட்டுகள் ஒரே முறையில் அமைய வேண்டும் என்பதிலும் கவனமாக இருந்தார். அங்கு கற்ற பாடத்துடன், 1833ல் மான்செஸ்டர் திரும்பி, சொந்தப் பட்டறை தொடங்கினார் விட்வொர்த்.

அந்நாளில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை! போல்ட்டைச் சுற்றிச் சுருள் சுருளாக ஓடும் வரிகளைத்தான் மரை என்கிறோம். ஒருவர் நெருக்கமாக வெட்டுவார். மற்றவர் அகலமாக வெட்டுவார். ஒரு பட்டறையின் நட், வேறு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. சின்ன போல்ட் உடைந்தாலும், இயந்திரத்தைச் செய்த பட்டறையையே தேடி ஓட வேண்டும். அது வரை வேலை நின்று போகும்.

இதற்கு முடிவு கட்ட நினைத்தார் விட்வொர்த். தன் பட்டறை மரையே சிறந்தது, அதையே எல்லாரும் பின்பற்றுங்கள் என்று சொல்லவில்லை. நாட்டின் முக்கியமான பட்டறைகளில் இருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார். ஒவ்வொன்றையும் அளந்து, சராசரி கண்டார். அதன் அடிப்படையில் ஓர் அட்டவணை தயாரித்தார்.

மரையின் கோணம், எல்லா போல்ட்டுக்கும் 55 டிகிரி. அது மாறவே கூடாது. ஆனால், மெல்லிய போல்ட்டுக்கும் தடித்த போல்ட்டுக்கும் ஒரே நெருக்கம் பொருந்தாது அல்லவா? எனவே கால் அங்குல போல்ட்டில், ஓர் அங்குல நீளத்துக்கு 20 மரைகள். அரை அங்குல போல்ட்டில் 12. ஓர் அங்குல போல்ட்டில் 8 என்று வகுத்தார். வேறுபாடு இருக்கலாம்; ஆனால், அது அட்டவணைக்குள் இருக்க வேண்டும். இதுதான் அவரது சட்டம்!

1841ல், லண்டன் சிவில் பொறியாளர்கள் கழகத்தில் இத்திட்டத்தை வெளியிட்டார். ரயில்வே நிறுவனங்களும், பட்டறைகளும் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டன.

இதன் பெருமை போர்க்காலத்தில் தெரிந்தது. ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியா போரின் போது, பிரிட்டன் கடற்படைக்கு, சிறு பீரங்கிப் படகுகளுக்கான நீராவி இன்ஜின்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. ஒரே பட்டறையால் அத்தனையும் செய்ய முடியாது. ஜான் பென் என்ற பொறியாளர், தயாராக இருந்த இன்ஜினைப் பிரித்து, அதன் பாகங்களை மாதிரியாகப் பல பட்டறைகளுக்கு அனுப்பினார். எங்கெங்கோ செய்த பாகங்கள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின. 90 நாட்களில், 90 இன்ஜின்கள் தயார்! எல்லாப் பட்டறைகளும் விட்வொர்த் மரையைப் பின்பற்றியதே இதற்குக் காரணம்.

எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. 1864ல் அமெரிக்காவில், வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி மரையை முன்வைத்தார். அந்நாடு அதையே பின்பற்றியது. இரண்டாம் உலகப் போரில், நட்பு நாடுகளாக இருந்தும், இவர்களது நட் அவர்களது போல்ட்டில் ஏறவில்லை! பட்ட அவதி போதும் என்று, 1948ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகள் பொதுவான மரைக்கு ஒப்புக்கொண்டன.

இன்று பொறியாளர்கள், இயந்திரங்களைக் கம்ப்யூட்டரில் வரைகின்றனர். ஒரு போல்ட்டை ஒரு முறை வரைந்து, நூறு இயந்திரங்களின் படங்களில் பயன்படுத்துவர். ஓர் இயந்திரத்துக்காக அந்தப் பொதுப் படத்தை ஒருவர் மாற்றினால், மற்ற 99லும் அது பொருந்தாமல் போகலாம். அதனால், மாற்றம் தேவைப்பட்டால் பழையதைத் தொடாமல், புது எண் கொடுத்து அட்டவணையில் சேர்க்கின்றனர். விட்வொர்த் காட்டிய அதே வழி!

தொழில் கற்கும் இளைஞர்களுக்காக, 1868ல் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கினார் விட்வொர்த். 1887, ஜனவரி 22ல் காலமானார். அவர் விட்டுச் சென்ற செல்வம், மான்செஸ்டரில் கலைக்கூடத்துக்கும், மருத்துவமனைக்கும் பயன்பட்டது.

வீட்டில் தண்ணீர்க் குழாயை மாட்டும் போது, அதன் மரையைத் தொட்டுப் பாருங்கள். குழாய் இணைப்புகளில், விட்வொர்த் வகுத்த 55 டிகிரி இன்றும் வாழ்கிறது!