கடல் கடந்து கற்ற ஆனந்திபாய்

எங்கள் வகுப்பில் பலருடைய வீட்டில் இதுவரை எவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் என்ன என்ற பேச்சு வீட்டில் எழும் இவ்வேளையில், நம் வயதிலேயே அக்கேள்விக்கு விடை கண்ட ஒரு பெண்மணியை நினைவுகூர விரும்புகிறோம். அவரே டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி.

மராட்டிய நாட்டில் கல்யாண் என்னும் ஊரில் 1865-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யமுனா. ஒன்பது வயதில், மனைவியை இழந்தவரும் தபால் இலாகா எழுத்தருமான கோபால்ராவ் ஜோஷிக்கு மணமுடிக்கப்பட்டார். ஆனந்தி என்று பெயர் மாற்றியவரும், எழுதப் படிக்கக் கற்பித்தவரும் கணவரே. ஆனால் அவர் கண்டிப்பு சில வேளைகளில் அடியாகவும் விழுந்தது. பிற்காலத்தில் ஆனந்தியே கணவருக்கு எழுதிய கடிதத்தில் அதை மறைக்காமல் குறிப்பிட்டிருக்கிறார்.

பதினான்காம் வயதில் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தக்க மருத்துவ வசதியின்றிப் பத்தே நாட்களில் அக்குழந்தை இறந்தது. ஆண் மருத்துவரிடம் காட்டக் கூசி, எத்தனையோ பெண்கள் நோயை மறைத்து மாண்ட காலம் அது. தாமே மருத்துவராவது என்று அத்தாய் உறுதி கொண்டார்.

மனைவியின் படிப்புக்கு உதவி கேட்டுக் கோபால்ராவ் எழுதிய கடிதம் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வெளியாயிற்று. ரோசல் என்னும் ஊரில் வாழ்ந்த கார்ப்பென்டர் அம்மையார், பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது அதைப் படித்தார். மனம் இளகி ஆனந்திக்குக் கடிதம் எழுதினார். முகம் பாராமலே இருவரும் அத்தையும் மருமகளும் ஆயினர்.

பெண் கடல் கடப்பதா என்று ஊரார் ஏசினர். 1883-இல் வங்காளத்துச் சீராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில், தாம் ஏன் செல்கிறார் என்பதைப் பலர் முன்னிலையில் ஆனந்தி விளக்கினார். தம் சமயத்தோடு சென்று அதனோடே திரும்புவதாகவும் கூறினார். அவ்வாண்டே கணவர் துணையின்றிக் கல்கத்தாவில் கப்பலேறினார்.

பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரி அவரை ஏற்றது. புடவையையும் மரக்கறி உணவையும் அவர் விடவில்லை. கடுங்குளிரும் ஓயாத படிப்பும் உடலை வாட்டின. ஜப்பானின் கேய் ஒகாமி, சிரியாவின் சபாத் இஸ்லாம்பூலி ஆகிய மாணவியருடன், மூவரும் தத்தம் நாட்டு உடையில் 1885-இல் எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் உள்ளது. 1886 மார்ச் 11-ஆம் நாள் அவர் பட்டம் பெற்றார். பண்டித ரமாபாய் அவ்விழாவுக்கு வந்திருந்தார். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனந்திபாயே.

கோலாப்பூர் மருத்துவமனையில் பெண்கள் பிரிவின் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. ஆனால் காசநோய் அவரை விடவில்லை. 1887 பிப்ரவரி 26-ஆம் நாள் பூனாவில் காலமானார். இருபத்திரண்டு வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவருடைய அஸ்தியைக் கார்ப்பென்டர் அம்மையார் தம் குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்.

அப்படியானால் அவர் பட்ட பாடு வீண்தானா என்று எங்களுக்குள் விவாதித்தோம். சிலர் கண்கலங்கி ஆமென்றனர். ஆயினும், ஒரு பெண் சென்று படித்து வென்றாள் என்பதை அதன்பின் எவராலும் மறுக்க முடியவில்லை. இனி முடியாது என்று எந்தப் பெண்ணிடமும் சொல்ல இயலாது என்பதே எங்கள் முடிவு.

குடும்பத்தில் முதலாவதாகப் படிக்கச் செல்பவளுக்கு வழி சொல்ல வீட்டில் ஆளில்லை. அவளுக்கு ஒரு கார்ப்பென்டர் அத்தை தேவை. எங்களுக்கு எங்கள் சிஸ்டர்களும் ஆசிரியைகளும் இருக்கின்றனர். அன்புப் பெற்றோரே, விடுமுறையில் விண்ணப்பத்தாளோடு உங்களிடம் வருவோம். கையெழுத்திட மறுக்காதீர்கள்!

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி