ஸர் ரொனால்டு ராஸ்

மீமிசலிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே சென்றால் இராமேசுவரத் தீவை அடையலாம். அத்தீவில் சவுக்கங்கன்றுகளுக்கு நீர் வார்க்க மணலில் தோண்டிய குழிகளில் அனாபிலிஸ் கொசுக்கள் பல்கி, மலேரியா என்னும் முறைக்காய்ச்சல் நெடுங்காலம் குடிகொண்டிருந்தது. கொசுவே இக்காய்ச்சலைப் பரப்புகின்றது என்பதற்கு வழிகாட்டியவர், சென்னை இராஜதானியின் வைத்திய இலாகாவில் ஊழியம் ஏற்ற ஒருவரென்பதை நம்மில் பலர் அறியார்.

ராஸ் 1857-ஆம் ஆண்டு இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தையார் இந்தியப் படையில் தளகர்த்தர். கவிதையிலும் சித்திரத்திலும் மனம் தோய்ந்திருந்த இவர், தந்தையின் விருப்பத்திற்கிணங்கி இலண்டனில் வைத்தியம் கற்று, 1881-ல் இந்தியாவுக்குத் திரும்பினார்.

மலேரியாக் கிருமியை இலாவெரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1880-ல் அல்ஜீரியாவில் கண்டிருந்தார். ராஸ் அதனை நம்பவில்லை. 1894-ல் இலண்டனில் மான்ஸன் என்பார் பூதக்கண்ணாடியின் வழியே அதனைக் காட்டிய பின்னரே ஐயம் நீங்கிற்று. கொசுவை ஆராயுமாறு தூண்டியவரும் மான்ஸனே.

செகந்திராபாத்தில் ஓயாது கொசுக்களை அறுத்துப் பார்த்தார். அவையோ வேறு இனத்தவை. கொசுக்கள் பறந்துவிடுமென்று விசிறியையும் நிறுத்திவிட்டார். வியர்வை பட்டுப் பூதக்கண்ணாடியின் திருகாணிகள் துருப்பிடித்தன. ஹுஸேன் கான் என்னும் நோயாளி, ஒரு கொசுக் கடிக்கு ஓரணா வீதம் கூலி பெற்று, புள்ளிச் சிறகுடைய புதுவகைக் கொசுக்களுக்குத் தம் உதிரத்தை ஈந்தார். அவருடைய பெயரை மறத்தல் நன்றியன்று.

1897 ஆகஸ்டு 20-ஆம் நாள், அத்தகைய கொசுவின் வயிற்றுச் சுவரில் ராஸ் கரும்பொடி நிறைந்த உருண்டைகளைக் கண்டார். அப்பொடி யாது? மனித உடலில் கிருமியானது செவ்வணுவினுட் புகுந்து அதன் செந்நிறப் பொருளைத் தின்று கழித்த எச்சம். நோயாளிகளின் இரத்தத்தில் பலமுறை கண்டு பழகியதனாலேயே அவர் அதனை உடனே இனங்கண்டார். 1898-ல் கல்கத்தாவில், பறவைகளின் மலேரியாக் கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து மற்றொரு பறவைக்குச் செல்வதை நிறுவினார். மனித மலேரியாவில் இதனை முற்றுவித்தோர் கிராஸி முதலிய இத்தாலியர். அவர்களோடு ராஸ் நெடுங்காலம் பூசலிட்டது அவர் பெருமைக்குப் பொருந்துவதாயில்லை. 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பிற்காலத்தில் அவர் கருத்து கணக்கிடுதலிற் சென்றது. 1903-ல் தடித்த இரத்தப்பூச்சு முறையை வெளியிட்டார். 1910-ஐ ஒட்டி லிவர்ப்பூலில், டேவிட் தாம்ஸனோடு சேர்ந்து நோயாளிகளின் இரத்தத்திலுள்ள கிருமிகளை நாடோறும் எண்ணினார். உடலில் ஏறத்தாழ 25 கோடிக் கிருமிகள் சேர்ந்தாலன்றிக் காய்ச்சல் தோன்றாதென்பது அவர் கண்ட கணக்கு. வெள்ளணுக்கள் காய்ச்சலின்போது குறைந்து, பின்னர்ப் பெருகுவதைத் தாம்ஸன் கண்டார்.

இக்காலத்துச் சோதனைகள் இக்கணக்கை விரித்துள்ளன. கிருமி வெடித்து வெளிப்படுகையில் செவ்வணு அழிகின்றது. கிருமி புகாத செவ்வணுக்களும் மண்ணீரலில் பெருவாரியாய் அழிய, எலும்பு மச்சையில் புதியன தோன்றுவதும் தளர்வதால் சோகை மிகுகின்றது. வெள்ளணுக்கள் மிகுவதினும் குறைவதே பெரும்பான்மை. ஒரு கன மில்லிமீட்டருக்கு 1.5 இலட்சத்துக்குக் குறையாதிருக்கவேண்டிய தட்டணுக்களும் பெரும்பாலோர்க்கு அதனினும் தாழ்கின்றன. மீமிசலில் ஒருவனுக்குக் காய்ச்சலோடு தட்டணு குறைந்தால் டெங்கு என்றே அயலார் துணிந்துவிடுவர். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசிப் பாராமல் அங்ஙனம் துணிவது உயிருக்கே ஆபத்தாய் முடியலாம். மலேரியாவைத் தீர்க்க மருந்துண்டு, காலந்தாழ்த்தலாகாது.

ராஸ் 1932 செப்டம்பர் 16-ஆம் நாள், தம் பெயரால் இலண்டனில் அமைந்த ஆராய்ச்சி நிலையத்திலேயே காலமானார்.