கிருபையைக் கண்டடைந்த பண்டித ரமாபாய்

மனிதர் தள்ளினவர்களைத் தேவன் தள்ளுவதில்லை. இழப்பின்மேல் இழப்பைக் கண்ட ஒரு பெண்மணியின் வாழ்வு இதற்குச் சாட்சி பகருகிறது. அவரே பண்டித ரமாபாய்.

1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் உள்ள கங்காமூலா என்னும் இடத்தில் ரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே சமஸ்கிருத அறிஞர். பெண்கள் அம்மொழியைக் கற்பது தகாது எனக் கருதப்பட்ட காலத்தில், தம் மனைவி இலட்சுமிபாய்க்கு அதைக் கற்பித்து, அதனால் எழுந்த எதிர்ப்பையும் தாங்கியவர். அந்தத் தாயே ரமாபாயின் ஆசிரியை.

குடும்பம் தலந்தோறும் சென்று புராணம் வாசித்துப் பிழைத்தது. 1870-களில் தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சத்தில் தந்தை, தாய், அக்காள் ஆகிய மூவரும் சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து மரித்தனர். அண்ணன் சீனிவாசனுடன் ரமாபாய் கால்நடையாகவே நாடெங்கும் அலைந்து, 1878-இல் கல்கத்தாவை அடைந்தார். அங்குள்ள அறிஞர்கள் அவருடைய புலமையை வியந்து பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களைச் சூட்டினர். ஆயினும் தர்ம சாஸ்திரங்களை ஆராய்ந்தபோது, பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு முக்திக்கு நேர்வழி இல்லை என்றே அவர் கண்டார். பட்டங்கள் கிடைத்தன, சமாதானம் கிடைக்கவில்லை.

1880-இல் அண்ணனும் மரித்தார். அவ்வாண்டிலேயே விபின் பிகாரி தாஸ் என்னும் வங்காள வழக்கறிஞரை, சாதி வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் மணந்தார். அசாமிலுள்ள சில்சாரில் வாழ்ந்தபோது, கணவரின் நூல்களிடையே வங்காள மொழியில் லூக்கா சுவிசேஷம் அவர் கைக்குக் கிட்டியது. 1882-இல் காலரா கணவரைக் கொண்டுபோயிற்று. கையில் பெண் குழந்தை மனோரமா மட்டுமே எஞ்சினாள்.

1883-இல் மருத்துவம் பயிலும் ஆவலுடன் இங்கிலாந்து சென்றார். செவித்திறன் குறைந்திருந்ததால் அக்கதவும் அடைபட்டது. ஆனால் அங்கேதான் வேறொரு கதவு திறந்தது. வான்டேஜ் நகரக் கன்னியர் மடத்தார், ஃபுல்ஹாமில் வழிதவறிய பெண்களுக்கென நடத்திய இல்லத்தை அவர் கண்டார். சமுதாயம் வெறுத்து ஒதுக்கிய பெண்களை அச்சகோதரிகள் அன்போடு பராமரித்தனர். இத்தகைய இரக்கத்தை அவர் அதுவரை எங்கும் கண்டதில்லை. காரணம் வினவியபோது, இயேசு சமாரியப் பெண்ணைச் சந்தித்த வரலாற்றை அவருக்கு வாசித்துக் காட்டினர். பாவியென்று எவரையும் வெறுக்காமல், தேடி வந்து உயர்த்தும் இரட்சகர் ஒருவர் உண்டென அவர் உணர்ந்தார். 1883 செப்டம்பர் 29-ஆம் நாள் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

இதன்பின் துன்பம் நீங்கிவிடவில்லை. 1889-இல் பம்பாயில் இளம் விதவைகளுக்காகச் சாரதா சதனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு அது பூனாவுக்கு மாறியது. சமயம் போதிக்கப்படாத பள்ளியாகவே அது நடந்தது. எனினும் ரமாபாய் தம் அறையில் ஜெபிக்கையில் சில மாணவியர் தாமாக வந்து கலந்துகொண்டனர். 1893-இல் இது பெரும் புயலாயிற்று. ரானடே, பண்டார்கர் போன்ற பெரியோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பெற்றோர் பலர் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். தாம் கிறிஸ்தவ மதத்தைக் கண்டிருந்தும் கிறிஸ்துவைக் கண்டடையவில்லை என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து, தம்மை முற்றிலும் அவரிடம் ஒப்புவித்திருந்தார் ரமாபாய். ஆகவே இப்புயலில் அவர் அசையவில்லை.

1896-97-ஆம் ஆண்டுகளின் பஞ்சம் மத்திய மாகாணங்களைத் தாக்கியது. பசியால் தாய் தந்தையரை இழந்த அவர், அங்கே தம் இளமையையே மீண்டும் கண்டார். ஏறத்தாழ 300 பெண்களை மீட்டு அழைத்து வந்தார். பூனாவுக்குக் கிழக்கே கேட்காவ்ம் என்னும் இடத்தில் 1898-இல் முக்தி இல்லம் உருவாயிற்று. 1900-ஆம் ஆண்டு குஜராத் பஞ்சத்திற்குப்பின் அங்கு ஏறத்தாழ 2,000 பேர் அடைக்கலம் பெற்றனர். நெசவு, அச்சுத்தொழில், வேளாண்மை ஆகியவற்றில் பெண்கள் தேர்ச்சி பெற்றனர். பார்வையற்றோருக்கும் கல்வி அளிக்கப்பட்டது. எவரும் ஏற்க மறுத்த பெண்களுக்காகக் கிருபா சதனம் எனத் தனி இல்லமும் அமைந்தது. ஃபுல்ஹாமில் கண்ட இரக்கத்தை அவர் தம் நாட்டின் மண்ணிலே விதைத்தார்.

எளிய பெண்களும் புரிந்துகொள்ளும்படி, எபிரெய, கிரேக்க மொழிகளைக் கற்று, வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்தார். அப்பணி நிறைவை நெருங்கிய வேளையில், 1921-இல், வலக்கரமாய் இருந்த மகள் மனோரமாவும் மரித்தாள். அத்துயரிலும் பணியை நிறைவேற்றி, 1922 ஏப்ரல் 5-ஆம் நாள் ரமாபாய் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அன்பானவர்களே, விசுவாசம் ரமாபாய் இழந்த எவரையும் திரும்பத் தரவில்லை. ஆனால் இழப்பினால் கசந்து போகாத ஓர் இருதயத்தை அது அவருக்குத் தந்தது. தாம் பெற்ற இரக்கத்தை அவர் தமக்கென்று பூட்டி வைக்கவில்லை. நம் ஏமாற்றங்களின் நடுவிலும் கிருபையின் வாசல் திறந்தே இருக்கிறது. அதற்குள் பிரவேசிக்கிறவர்கள், பின்வருவோருக்காக அதைத் திறந்து வைப்பார்களாக!