ஆலையும் அண்ணலும்

நிலம் பிறருடையது, கிணறு பிறருடையது, நாட்கூலியும் பிறர் விருப்பம் என்றிருந்த நம் முன்னோர்க்கு, இரயிலும் ஆலையும் வந்த பின்னரே ஊரைவிட்டு வெளியேற ஒரு வழி பிறந்தது. அவ்வழி எங்கே திறந்திருந்தது, எங்கே அடைக்கப்பட்டது என்பதை அருகிருந்து கண்டவர் அண்ணல் அம்பேத்கர்.

1891 ஏப்ரல் 14 அன்று மோவ் என்னும் படைநகரில், சுபேதார் இராம்ஜியின் மகனாக அவர் பிறந்தார். பம்பாயின் பரேல் பகுதியில், பஞ்சாலைகள் சூழ்ந்த தொழிலாளர் குடியிருப்பில் ஒற்றை அறையில் தங்கிப் படித்தார். 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்றுக் கொலம்பியா சென்றார். அங்கும் பின்னர் இலண்டனிலும் அவர் கற்றது பொருளியல். சட்டமேதை என்றே அவரை அறிந்துள்ள நம் மாணவர் இதனை மறந்துவிடுகின்றனர்.

1918-இல் சிறு நில உடைமை பற்றி அவர் ஒரு கட்டுரை வரைந்தார். நிலம் துண்டுபடுவதே வறுமைக்குக் காரணம் என்று பலரும் கூறிவந்த காலம் அது. நிலத்தை மட்டுமே நம்பி வாழ்வோர் மிகுதியாயிருப்பதே மூலநோய் என்றும், தொழில் வளர்ந்து அவர்களை ஈர்த்துக்கொள்வதே மருந்து என்றும் அவர் வாதிட்டார். அரை ஏக்கர் மானாவாரி நிலத்தை உடன்பிறந்தார் மூவர் பங்கிடுவதைப் பனமரத்துப்பட்டிப் பக்கத்தில் காணும் நமக்கு இது எளிதில் விளங்கும்.

ஆயினும் ஆலை சாதியைத் தானே அழித்துவிடும் என அவர் நம்பினாரல்லர். பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில் கூலி மிகுதி. அங்கே நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டப்படாதார் வாய்பட்ட நாடாவைத் தொட மாட்டோம் என்று மற்றத் தொழிலாளர் மறுத்தமையால், நம்மவர் கூலி குறைந்த நூற்புப் பிரிவிலேயே நிறுத்தப்பட்டனர். முதலாளியை எதிர்த்து ஒன்றுகூடியவர்களே நாடாவின் முன் பிரிந்து நின்றனர்! 1928 வேலைநிறுத்தத்தின்போது இக்கொடுமையை அவர் வெளிப்படையாக எழுப்பினார். சங்கத் தலைவர்களுக்கு அது உவப்பாயில்லை.

1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார். தொழில் தகராறு மசோதா வேலைநிறுத்த உரிமையைப் பறிப்பதாகக் கண்டு, 1938 நவம்பர் 7 அன்று, முன்னர்த் தம்மோடு முரண்பட்ட பொதுவுடைமையரோடு கைகோத்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. வாரம் 54 மணி நேரம் என்றிருந்த ஆலை வேலை 1946 திருத்தத்தால் 48 ஆயிற்று. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் உருவாயின. தாமோதர், மகாநதித் திட்டங்களிலும் மின்னாற்றல் வளர்ச்சியிலும் அவர் ஈடுபட்டார். சுரங்கத்தினுள் பெண்கள் வேலை செய்வதற்கிருந்த தடை, போர்க்கால நிலக்கரித் தேவையால் 1943-இல் தளர்த்தப்பட்டதும் இக்காலத்திலேதான். 1946-இல்தான் தடை மீண்டது. அதனை மறைப்பது வரலாறாகாது.

இயந்திரத்தைப் பழித்துச் சிற்றூர் வாழ்வைப் போற்றுவோரோடு அவர் உடன்படவில்லை. உழைப்போனுக்கு ஓய்வு வேண்டும், ஓய்வின்றிக் கல்வியில்லை, இயந்திரமின்றி ஓய்வில்லை என்பது அவர் கருத்து. பள்ளி முடிந்ததும் பூப்பறிக்கச் செல்லும் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கும் நாம் இதன் பொருளை நன்கறிவோம்.

1956 டிசம்பர் 6 அன்று டில்லியில் அவர் மறைந்தார். மறுநாள் பம்பாயின் தொழிலாளர் பகுதிகள் வழியே சென்ற இறுதி ஊர்வலம் தாதர் கடற்கரையை அடைந்தது.